வீட்டை ஆளும் வினைச்சொல்

தோட்டத்துச் சபைகளுக்கு ஊழியம் செய்கிற உபதேசியாருக்குக் கிரேக்கம் எதற்கு என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்து, தலைவாரி, மாலை ஜெபக்கூட்டத்தில் உட்காருகிற மக்களுக்கு அகராதி வேண்டாம், ஆறுதல் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். நான் கண்டது வேறு. நாம் கொடுக்கும் ஆறுதல் யாருக்குப் போய்ச் சேருகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதைச் சில சமயம் ஒரே ஒரு சொல் தீர்மானித்துவிடுகிறது.

அப்படி ஒரு சொல் ‘ஒய்கொதெஸ்பொதேஸ்’. ஒய்கொஸ் என்றால் வீடு, அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள். தெஸ்பொதேஸ் என்றால் ஆண்டான். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 12 இடங்களில் வருகிறது. மத்தேயுவில் 7, மாற்குவில் 1, லூக்காவில் 4. அத்தனையும் இயேசு பேசுகிற இடங்கள். நாம் வாசித்து வளர்ந்த பழைய தமிழ் வேதாகமம் இதை ‘வீட்டெஜமான்’ என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் திராட்சைத் தோட்ட உவமையில் ‘நிலக்கிழார்’ என்று போட்டிருக்கிறது. திருடன் வரும் ஜாமம் தெரிந்தால் விழித்திருப்பவர் இவர். நல்ல விதை விதைத்த வயலில் களை எப்படி வந்தது என்று வேலைக்காரர்கள் கேட்டு நிற்பது இவரிடம்தான். அழைக்கப்பட்டவர்கள் விருந்துக்கு வராதபோது தெருவுக்கு ஆளனுப்பி ஏழைகளைக் கூட்டிவரச் சொல்பவரும் இவரே. பஸ்காவுக்கு மேல்வீட்டறையைத் திறந்துகொடுப்பவரையும் இதே சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள்.

நான் சுற்றிய சபைகள் இரயில் பாதை ஓரத்தில் இருந்தவை. 1909இல் மலாயாவின் ஜொகூர் வழியாகத் தண்டவாளம் போட்டு முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையின் இருபுறமும் ரப்பர் பெருகியது. காடழிக்கவும் மரம் வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கொள்ளுப்பேரர்களுக்கும்தான் நான் வேதபாடம் சொன்னேன். ரப்பர் போய் செம்பனை வந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் லயத்து வீடுகளும், விடியுமுன் வேலைக்கு ஆள் எண்ண அடிக்கும் பெரட்டு மணியும் இன்னும் மிச்சமிருந்தன.

‘வீட்டெஜமான்’ என்று வாசித்ததும் அந்தச் சபைகளில் யார் முகம் மனதில் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தொரை. மேட்டு பங்களாவில் இருப்பவர், காரில் வந்து இறங்குபவர். அவருக்குக் கீழே கிராணி, அதற்குக் கீழே மண்டோர், கங்காணி. மத்தேயு 20ஆம் அதிகாரத்தை எடுத்தால் இந்தப் படம் இன்னும் கெட்டிப்படும். தோட்டம், கூலி, வேலையாட்கள் என்று எல்லாமே அவர்களுடைய வாழ்க்கைதான். அதிகாரத்தை வாசித்து முடிப்பதற்குள் தலையசைப்பார்கள். ஆனால் கதை அங்கேதான் திரும்புகிறது. அதைக் காட்டுவதுதான் என் வேலை.

அந்த வீட்டெஜமான் விடியற்காலையில் தானே புறப்பட்டுச் சந்தைக்குப் போகிறார். ஒன்பது மணிக்கு மறுபடியும் போகிறார். நண்பகலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஐந்து மணிக்கும் போகிறார். அவரிடம் காரியக்காரன் ஒருவன் இருக்கிறான். கிரேக்கத்தில் ‘எபித்ரொப்பொஸ்’ என்கிற மேலாள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போதுதான் அவன் மேடைக்கு வருகிறான். ஆள் தேடிப் போவது எஜமானின் சொந்த வேலையாகவே இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஒரு முறை லாயாங் லாயாங் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டே கேட்டார்: “தொரையே வந்து ஆள் கூப்புடுவானா ஐயா? அதுக்குத்தானே கங்காணி?” அவர் அப்பா கங்காணியோடு கப்பலேறி வந்தவர். எத்தனை பேரைப் பெரட்டுக்கு நிறுத்துகிறாரோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குக் காசு உண்டு என்பதைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய கேள்வியில்தான் உவமையின் கூர்மை முழுக்க இருந்தது. கூட்டி வருபவன் ஒருவன், உழைப்பவன் ஒருவன், ஆதாயம் இன்னொருவனுக்கு என்கிற ஏற்பாடு இந்தக் கதையில் இல்லை. கடைசி மணி நேரத்தில் சந்தையில் நின்றவர்களை அவர் ‘ஏன் சும்மா நிற்கிறீர்கள்’ என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். வயதானவனும் சீக்காளியும்தான் அந்த நேரம்வரை மிஞ்சி நிற்பான். தோட்டத்தில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கூலிக் கணக்கும் அப்படித்தான். ஒரு பணம், அதாவது ஒரு தெனாரியம், அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் சோறு. மலாயாவில் 1920களின் முடிவில் பல மாவட்டங்களுக்கு வகுத்த நிலைக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அதிலும் கை வைத்தார்கள். அதே கத்தி, அதே மரம், அதே வாளி, பெண்ணுக்கு மட்டும் பத்துக் காசு குறைவு. எல்லாருக்கும் ஒரே பணம் கொடுத்த வீட்டெஜமானைப் பற்றி நான் பேசும்போது, ஆண்கள் கடைசியில் வந்தவனுக்கு ஏன் அவ்வளவு கொடுத்தார் என்று விவாதம் செய்வார்கள். பாட்டிமார்கள் விவாதம் செய்ததில்லை. தங்களுக்கு அந்தக் கணக்கு முன்பே புரிந்திருந்ததைப்போல் உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவு காலம் நான் பெயர்ச்சொல்லோடுதான் வேலை செய்தேன். வினைச்சொல் என் கையில் வந்தது ஒரு விண்ணப்பப் பாரத்தினால்.

2012இல் மலேசிய அரசாங்கம் மாதம் 3,000 ரிங்கிட் வரை சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு 500 ரிங்கிட் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. ஆராதனை முடிந்ததும் பாரம் நிரப்பித் தரும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்தில் இருக்கும் உபதேசியாருக்கு இது புதிதல்ல. மருத்துவமனைக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், ஐசி என்னும் அடையாள அட்டைக்கான விண்ணப்பம் எல்லாம் எங்களிடம்தான் வரும். அன்று ரெங்கம் பக்கத்தில் ஓர் அக்கா வந்தார். புருஷன் இறந்து பல வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். பாரத்தில் ‘கெத்துவா இசி ரூமா’ என்று ஒரு கட்டம், குடும்பத் தலைவர் பெயர் எழுத வேண்டிய இடம். “யார் பேரு எழுதட்டும் அக்கா?” என்றேன். “பெரிய பையன் பேரு போடுங்கய்யா” என்றார். பையனுக்குப் பதினாறு வயது. ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அக்கா தினமும் காலையில் நாலு மணிக்கு எழுந்து, பகல் சோற்றையும் சேர்த்து வடித்துவைத்து, ஐந்தரைக்கெல்லாம் பெரட்டில் நின்று, மத்தியானம் திரும்பி வந்து, கடைக்கணக்குத் தீர்த்து, கூட்டுச் சீட்டுக்குக் காசு கட்டி, மூன்று பேரையும் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தில் தன் பெயர் வரலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அந்த நினைப்பை அவருக்குள் விதைத்ததில் பிரசங்க மேடைக்கும் பங்கு உண்டு.

அந்த வாரம்தான் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தை வேதபாடத்துக்கு எடுத்திருந்தேன். 5ஆம் அதிகாரம், விதவைகளைப் பற்றியது. 14ஆம் வசனத்தில் இளவயது விதவைகள் கல்யாணம் செய்துகொள்ளவும், பிள்ளைகளைப் பெறவும், வீட்டை நடத்தவும் வேண்டும் என்று வருகிறது. ‘வீட்டை நடத்தவும்’ என்பதைப் பல முறை வாசித்துக் கடந்திருக்கிறோம். கிரேக்கத்தைத் திறந்தால் அங்கே நிற்பது ‘ஒய்கொதெஸ்பொதெயின்’. உவமைகளில் வந்த அதே வீட்டெஜமான், இப்போது வினைச்சொல்லாக. வீட்டுக்கு எஜமானாயிருத்தல், வீட்டை ஆளுதல். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த வினைச்சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அந்த ஒரு முறையும் பெண்களுக்குத்தான்.

பக்கத்தில் 3ஆம் அதிகாரத்தை வைத்துப் பார்க்கவேண்டும். கண்காணியாக இருக்கும் ஆண் தன் சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்த வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. அதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல், ‘ப்ரொஇஸ்தேமி’. முன்னே நிற்பது, பொறுப்பெடுப்பது, பராமரிப்பது என்று பொருள்படும். தமிழில் இரண்டு இடத்திலும் ‘நடத்து’ என்றே இருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ஆணுக்குச் சொன்னதைவிட அழுத்தமான சொல் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அடிமைகளின் எஜமான்களைக் குறிக்க வரும் ‘தெஸ்பொதேஸ்’தான் இதற்குள்ளும் இருக்கிறது.

இதை நான் சபையில் சொன்ன மாலை நன்றாக நினைவிருக்கிறது. லயத்து வீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பதினைந்து இருபது பேர். பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் ஐந்தாறு பேர் வாசல் பக்கம். வசனத்தை வாசித்து, சொல்லின் இரண்டு பாதியையும் பிரித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வயதான அம்மா ஒருவர், “அப்ப தொரைசானின்னு சொல்லுதா ஐயா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தொரைசானி என்றால் பங்களாவில் சமையல்காரனையும் தோட்டக்காரனையும் ஆயாவையும் வேலை வாங்கும் வெள்ளைக்காரி. அவர் சிறுமியாக இருந்தபோது அந்த பங்களாவில் வேலை செய்தவர்.

அவருடைய கேள்வி அகராதிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. பவுல் எழுதிய காலத்து வீடு வெறும் அப்பா அம்மா பிள்ளைகள் அல்ல. அடிமைகள், வேலையாட்கள், தொழிற்கூடம், சரக்கறை எல்லாம் அடங்கியது. அதை ஆளும் பெண் பலருக்கு வேலை சொல்பவளாக இருந்தாள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து செனொப்போன் எழுதிய ‘ஒய்கொனொமிக்கொஸ்’ என்னும் நூலில், இஸ்கொமாக்கோஸ் என்பவர் பதினைந்து வயதுகூட நிரம்பாமல் வந்த தன் மனைவிக்கு வீட்டை ஆளக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறார். சரக்கு எங்கே இருக்கவேண்டும், யாருக்கு எவ்வளவு அளக்கவேண்டும், நோயுற்ற அடிமையை எப்படிக் கவனிக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் வருகின்றன. அந்த ஆளுகையில் அடிமைத்தனத்தின் கறை இருக்கிறது. அதை நான் சபையில் மறைத்ததில்லை. பவுல் இங்கே சமத்துவப் பிரகடனம் செய்கிறார் என்றும் சொன்னதில்லை. அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரம் பெண் உபதேசிக்கக்கூடாது என்று சொல்வதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் ஆளுகை யார் கையில் என்று வரும்போது அந்த நிருபமே பெண்ணின் பக்கம் ஓர் எஜமானச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறது. அதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

சில பிரசங்கிமார் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். இது சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பைத்தானே சொல்கிறது என்பார்கள். வீட்டு வேலையைச் சொல்ல வேண்டுமானால் கிரேக்கத்தில் அதற்கும் சொல் இருக்கிறது. தீத்துவுக்கு எழுதிய நிருபம் 2ஆம் அதிகாரத்தில் பழமையான கைப்பிரதிகள் ‘ஒய்கூர்கூஸ்’, வீட்டில் வேலை செய்கிறவர்கள், என்று அதைத்தான் எழுதியிருக்கின்றன. பிற்காலத்துப் பிரதிகளில் ஓர் எழுத்துக் குறைந்து வீட்டைக் காப்பவர்கள் என்று ஆனது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றி ‘வீட்டில் தரித்திருக்கிறவர்கள்’ என்றது. கல்யாண ஆராதனைகளில் தீத்துவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 1 தீமோத்தேயு 5:14ஐ யாரும் எடுத்துக் கேட்டதில்லை. வீட்டில் தரித்திரு என்பது சொல்ல எளிது. விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனவளிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

‘ஒய்கொதெஸ்பொதேஸ்’ படித்தவர்கள் மெச்சிய சொல்லும் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ஃப்ரூனிக்கோஸ் என்கிற இலக்கணக்காரர் இந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, ‘ஒய்கியாஸ் தெஸ்பொதேஸ்’ என்று இரண்டு சொல்லாகச் சொல்வதே சரி என்றார். அப்படியென்றால் இது தெருவிலும் சந்தையிலும் மக்கள் வாயில் புழங்கிய பேச்சு. அதே சமயம் கிரேக்க ஜோதிடர்கள் ஒரு ராசியை ஆளும் கிரகத்துக்கும் இதே பெயரை வைத்திருந்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் ஜாதகம் பார்க்கிறவர்கள் வீட்டதிபதி என்று சொல்வது இதைத்தான். ஆளுகை என்பது இந்தச் சொல்லின் எலும்பிலேயே இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஆண் இறந்தாலோ, வேலை நின்றாலோ, தோட்டம் கைமாறினாலோ காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். நான் அறிந்த ஒரு தோட்டத்தில் அப்படிக் கடிதம் வந்த விதவை, அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருடம் வெள்ளையடித்து, பின்னால் முருங்கை வைத்து, முன்னால் கறிவேப்பிலை வைத்துப் பேணிய வீடு அது. சொந்த வீடே இல்லாதவர்களிடம் வீட்டெஜமான் என்று எதைச் சொல்வது? நான் இதற்கு அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைத் திறப்பேன். இரத்தாம்பரம் விற்ற லீதியாள் தியத்தீரா ஊர்க்காரி, பிழைப்புக்காகப் பிலிப்பிக்கு வந்தவள். அவளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பவுலை வந்து தங்கும்படி வருந்திக் கேட்கிறவளும் அவளே. அங்கே புருஷன் பெயரே இல்லை. அவள் யாரை உள்ளே கூப்பிடுகிறாள், யாருக்குச் சோறு போடுகிறாள் என்பதில் அவளுடைய எஜமானத்துவம் தெரிகிறது. வீடு காலி செய்யச் சொன்ன அந்த வாரத்திலும் என்னை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தை நீட்டினார் அந்த அம்மா.

சட்டமும் மெதுவாகத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளின் பாதுகாவலர் சட்டம் 1961இல் வந்தது. 1999இல் திருத்தப்பட்ட பிறகுதான் தகப்பனுக்குச் சமமான உரிமை தாய்க்கும் கிடைத்தது. அதற்கு முன்பு பாரங்களில் அப்பாவின் கையெழுத்துக்காக, விட்டுப்போன புருஷனைத் தேடி அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயாக்கொட்டாயில் பிள்ளையை விட்டு, நிரை பிடித்து, பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்து, அந்தச் சம்பளத்தில் அந்தப் பிள்ளையை வளர்த்தவளிடம், பிள்ளைக்கு நீ பாதுகாவலர் இல்லை என்று சொன்ன காலம் அது.

இன்று அந்தக் குடும்பங்களில் பலர் தோட்டங்களில் இல்லை. மாசாயிலும் ஸ்கூடாயிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். பெண்கள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். விடியுமுன்னே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் உண்டு. பெரட்டு மணி போய் ஃபேக்டரி பஸ் வந்திருக்கிறது. எழுந்திருக்கும் நேரம் மாறவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காரும்போது அவர்கள் கேட்பது மட்டும் பழைய பிரசங்கம்தான்: புருஷன் தலை, மனைவி அடங்கியிரு. எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை. அந்தத் தலை தன்னையே கொடுத்தது என்று அதே அதிகாரம் சொல்கிறது. கள்ளுக்கடையிலும் பீர்க்கடையிலும் சம்பளத்தைக் கொடுத்தவன் எழுந்து நின்று “நான்தான் தலை” என்று சொல்ல அந்த வசனம் எழுதப்படவில்லை.

ரெங்கத்து அக்காவின் பாரத்தில் அன்று அவருடைய பெயரைத்தான் எழுதினேன். எழுதுவதற்குமுன் 5:14ஐ அவருக்கு வாசித்துக் காட்டினேன். “வேதத்துல அப்படியா இருக்கு?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார், தமிழில், எழுத்து எழுத்தாக.

வளர்ந்துவரும் பிரசங்கிமாருக்கும் வேதபாட ஆசிரியர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை குடும்ப ஆராதனைக்கோ, அன்னையர் ஞாயிறுக்கோ, விதவைகளுக்கான ஜெபத்துக்கோ உங்களைக் கூப்பிட்டால், தீத்துவோடு நிறுத்தாதீர்கள். 1 தீமோத்தேயு 5:14ஐ எடுங்கள். கிரேக்கம் தெரிந்தால் அந்த வினைச்சொல்லைச் சபைக்கு வாய்விட்டு வாசியுங்கள். தெரியாவிட்டால் ‘வீட்டை ஆள’ என்று தமிழில் சொல்லிக் கொஞ்சம் நிறுத்துங்கள். பிறகு மத்தேயு 20க்குப் போய், ஐந்து மணிக்கும் சந்தைக்கு நடந்துபோன அந்த வீட்டெஜமானை அவர்களுக்குக் காட்டுங்கள். ஆராதனை முடிந்து யாராவது பாரத்தோடு வந்தால், முதல் கட்டத்தில் யார் பெயர் எழுதவேண்டும் என்று அந்தப் பெண்ணையே கேட்டு, அவர் வேறு பெயர் சொன்னால் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள்.